கருவியும் கருத்தும்

உடலைப் பேணுதற்கு உதவும் நுண்கருவிகள் பல இந்நாளில் தோன்றியுள்ளன. கையிற் கட்டிய கடிகாரம் நாடித்துடிப்பை எண்ணுகிறது; கைப்பேசி நாம் நடந்த அடிகளைக் கணக்கிடுகிறது. இவற்றை விரும்பிக் கைக்கொள்வாரும் உளர். சின்னாளிற் கைவிடுவாரும் உளர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

அலுவலகங்களிற் கணிப்பொறி புகுந்த காலத்தில், அமெரிக்க அறிஞர் பிரெட் டேவிஸ் என்பார் இத்தகைய வினாவை ஆராய்ந்தார். கருவி பயன் தரும் என்னும் எண்ணமும், கையாள எளிது என்னும் எண்ணமுமே மக்களை அதன்பால் ஈர்ப்பன என்று 1989-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். மருத்துவக் கருவிகளுக்கும் இக்கருத்துப் பொருந்தும். ஆயினும், இவ்விரண்டோடு வேறு சில தூண்டுதல்களும் சேர்தல் உண்டு.

ஜப்பான் நாட்டில், டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டு நடந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1965-இல், இடுப்பில் அணியும் அடியெண்ணி ஒன்று விற்பனைக்கு வந்தது. 'மான்போ கேய்' என்பது அதன் பெயர். 'பதினாயிரம் அடி அளவி' என்பது பொருள். நடைக் கழகத்தார் அதனை விரும்பி ஏற்றனர். ஆங்குக் கருவிக்குத் துணை நின்றது தோழமை.

சிங்கப்பூர் அரசு 2015-இல் நாடு தழுவிய நடைப்போட்டி ஒன்றைத் தொடங்கியது. அடியெண்ணியை விலையின்றி வழங்கி, நடந்த அடிகளுக்கு ஏற்பப் பரிசுச் சீட்டுகளும் அளித்தது. ஆங்குத் துணை நின்றது ஊக்கப் பரிசு.

தென்னாப்பிரிக்க அரசு 2014-இல் 'மாம்கனெக்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கருவுற்ற பெண் மருத்துவ நிலையத்திற் பெயர் பதிந்தால், அவ்வம் மாதத்திற்கு ஏற்ற அறிவுரைகள் அவள் கைப்பேசிக்குக் கட்டணமின்றி வரும். அவள் ஐயம் வினவலாம், குறையும் கூறலாம். கருவுற்ற காலத்திற் கடுந்தலைவலியும் முகவீக்கமும் பேரிடரின் அறிகுறிகளாகலாம். அதனை உரிய காலத்தில் அறியாவிடின், தாய் சேய் இருவர் உயிர்க்கும் கேடு நேரும். ஆதலின், அறிந்த மொழியில் வரும் சிறு செய்தியும் அவளுக்குப் பெருந்துணையாகும்.

தோழமை, பரிசு, தாய்மையன்பு எனத் தூண்டுதல்கள் பலவாயினும், அவை நிலைபெறுதற்கு வேண்டுவது நம்பிக்கை. தன் உடல்நிலை பற்றிய செய்தி பிறர் கைக்குச் செல்லுமோ என்று அஞ்சுபவன் எவ்வளவு நல்ல கருவியையும் ஏலான். ஆகவே, கருவி செய்வோர் மக்களின் மறைபொருளைக் காத்தல் கடனாம்.

மாணாக்கர்களே! கருவி எண்ணிக் காட்டும், எச்சரிக்கும். எழுந்து நடத்தலும், உரிய காலத்தில் மருத்துவரை நாடுதலும் மனிதனுடைய செயல்களே. அச்செயலுக்கு அவனை எழுப்பும் கருத்தை அறியாது கருவியை மட்டும் பெருக்குதல், வழி கேளாதவன் கையில் விளக்கைக் கொடுத்தல் போலாகும்.