தூண்கள் தாங்கும் பள்ளி

வங்கக் கடலின் கரையில் அமைந்துள்ள மாநிலம் ஒடிசா. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பெரும்புயல் ஒன்று பாராதீப் துறைமுகத்திற்கு அருகே கரையைக் கடந்தது. புயல் உந்திய கடல்நீர் தாழ்நில ஊர்களுக்குள் புகுந்தது. மண்சுவர் வீடுகள் கரைந்தன. ஏறி நிற்க மேடான இடமின்றி மக்கள் தவித்தனர். ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். அந்நாளில் கடலோரத்தில் இருந்த புயல் பாதுகாப்பு இல்லங்கள் மிகச் சிலவே.

அத்துயரத்திற்குப் பின் கடலோர ஊர்களில் நூற்றுக்கணக்கான பாதுகாப்பு இல்லங்கள் எழுந்தன. இவற்றின் கீழ்த்தளத்தில் சுவர்கள் இல்லை. வலிமையான தூண்களே உள்ளன. வெள்ளம் வந்தால் நீர் தூண்களின் இடையே பாய்ந்து செல்லும். கட்டடத்தை மோதித் தள்ளாது. மக்கள் மேல்தளத்தில் தங்குவர்.

புயலில்லா நாள்களில் இவற்றுட் பல பள்ளிகளாகப் பயன்படுகின்றன. ஏன்? பூட்டிக் கிடக்கும் கட்டடம் விரைவில் பாழாகும். நாள்தோறும் புழங்கும் கட்டடம் பேணப்படும். மேலும், பிள்ளைகள் நன்கறிந்த இடத்திற்கு இருளிலும் மழையிலும் குடும்பத்தினர் தயங்காமல் செல்வர். இல்லத்தைப் பராமரிக்க ஊர்க்குழு உண்டு. மீட்புப் பணியிலும் முதலுதவியிலும் இளைஞர்கள் பயிற்சி பெறுகின்றனர்.

2019ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றிருந்தனர். வீடுகளும் மின்கம்பங்களும் வீழ்ந்தன. ஆயினும் உயிரிழந்தோர் தொகை நூற்றுக்கும் குறைவு.

கட்டடத்தோடு காடும் காவலாகும். கேந்திரபாரா மாவட்டத்தில் அலையாத்திக் காடுகளின் பின்னிருந்த ஊர்களில் 1999ஆம் ஆண்டுப் புயலின்போது உயிரிழப்பு குறைவாக இருந்தது என ஆய்வாளர் கண்டறிந்தனர். அலையை ஆற்றும் மரம் என்னும் பொருளை அதன் தமிழ்ப்பெயரே உணர்த்துகிறது அன்றோ!

புயலைத் தடுக்க இயலாது. ஆனால், புயல் வரும் நாளில் கதவு திறக்கவும், படிகள் உறுதியாக இருக்கவும், குடிநீர் கிடைக்கவும் ஊரார் முன்னரே உழைத்தல் இயலும். பொதுச்சொத்தைப் பேணுதல் உயிரைப் பேணுதலே ஆகும்.

அருஞ்சொற்பொருள்
உந்திய – தள்ளிய
புழங்கும் – பயன்பாட்டில் உள்ள
பேணுதல் – பாதுகாத்தல்

வினாக்கள்
1. பாதுகாப்பு இல்லத்தின் கீழ்த்தளத்தில் சுவர்கள் இல்லாதது ஏன்?
2. பாதுகாப்பு இல்லம் பள்ளியாகவும் பயன்படுவதால் விளையும் நன்மைகள் இரண்டினைக் கூறுக.
3. நீ வாழும் ஊரில் வெள்ளம் வந்தால் மக்கள் கூடத்தக்க பொதுக்கட்டடம் எது? அதைப் பேணும் வழிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.