பட்டாளத்துக்குக் கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

விடிகாலை நாலரைக்கு எழுந்து கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் ஓடுவதாக எழுதியிருந்தாய். 1.6 கிலோமீட்டர், ஆறு நிமிடம் ஐந்து நொடி. ப்ளஸ் டூ முடித்ததும் ஆர்மி செலக்‌ஷன், தறி ஓட்டப் போக மாட்டேன் என்கிறாய். அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவிடுவதில்லை என்பதையும் சொல்லியிருந்தாய்.

ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் 60 மதிப்பெண்; பீமில் பத்து புல்-அப் எடுத்தால் 40. உன் வயசுக்கு இது எட்டிப் பிடிக்கக்கூடியதுதான். ஆனால் 2023-லிருந்து முதலில் கம்ப்யூட்டர் தேர்வு, அதில் தேறியவர்களுக்கே கிரவுண்ட். பொதுப் பணிக்கு 50 கேள்வி; ஒரு தப்புக்கு அரை மதிப்பெண் போய்விடும். தமிழிலேயே எழுதலாம். நீ காலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது கணக்குக்குக் கொடு. பல், காது, முட்டி, பாதம், கண் எல்லாவற்றையும் இப்போதே ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. மெடிக்கலில் வீட்டுக்கு அனுப்பப்படும் பையன்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

அப்பாவுக்குக் குண்டு பயம் மட்டும்தான் என்று நினைத்துவிட்டாய். அவர் காலத்தில் மிலிட்டரிக்காரர் என்றால் பென்ஷன், கேன்டீன் கார்டு, ஊரில் மரியாதை. 2022-ல் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தபின் கணக்கு வேறு. நான்கு வருஷம், அதன்பின் நால்வரில் ஒருவருக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் வருஷச் சம்பளம் 30,000, கைக்கு வருவது 21,000. பிடித்த தொகையோடு அரசும் அதே அளவு போட்டு, வெளியே வரும்போது வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் தருகிறது. பென்ஷன் கிடையாது. பதினெட்டில் போகிறவன் இருபத்திரண்டில் மறுபடி வேலை தேடி நிற்பான். அந்த வயசில் என்ன செய்வாய் என்று அப்பா கேட்டால், சொல்லப் பதில் இருக்கிறதா? அதைத் தேடி வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார். போகாதே என்று நான் சொல்லவில்லை.

இன்னொரு கதவும் இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர எழுதும் என்.டி.ஏ. தேர்வு, வருஷத்துக்கு இரண்டு தடவை. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயசு வரை. தேறிப் பயிற்சியையும் முடித்தால் அதிகாரி. உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிநகரில் 1962-லிருந்து நடக்கும் சைனிக் பள்ளி இதற்காகவே பையன்களைத் தயார் செய்கிறது. அங்கே படிக்காதவர்களும் எழுதலாம்; தரைப்படைக்கு எந்த குரூப் ப்ளஸ் டூவும் போதும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கக்கூடத் தயங்குகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு தடவையாவது எழுது. 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபின் பெண்களும் எழுதுகிறார்கள், தங்கச்சியிடமும் சொல்லிவை.

இடம் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

ஆகஸ்ட்டில் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். இருட்டில் ஈரக் கரையில் ஓடாதே, கால் பிசகினால் ஒரு மாசம் படுத்துவிடுவாய். அந்த நாட்களில் பள்ளிக்கூட கிரவுண்டில் ஓடு.

அன்புடன்,
அண்ணன்