பண்பாடும் மைத்திரியும்

மேனாட்டு நாகரிகம் உலகெங்கும் பரவுங்கால், தம் மரபு அழியுமோ என்று மக்கள் அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சம் எங்குக் கொண்டு செல்லும் என்பதற்குப் பௌத்த நாடாகிய பூட்டானின் வரலாறு நமக்கு ஒரு பாடமாகும்.

அயற்பண்பாட்டினின்று தம் நாட்டு மரபைக் காக்கக் கருதிய அந்நாட்டரசர், 1989இல் ஓர் ஆணை பிறப்பித்தார். அலுவலகம், பள்ளி முதலிய பொது இடங்களில் ஆடவர் ‘கோ’ என்னும் அங்கியும், பெண்டிர் ‘கிரா’ என்னும் ஆடையும் உடுத்தல் வேண்டும் என்பது அவ்வாணை. தென்பகுதியில் வாழ்ந்த நேபாளி மொழியினர்க்கு அவை மரபுடை அல்ல. அவர்தம் மொழியும் பள்ளிகளினின்று நீக்கப்பட்டது. ஆங்கிலமோ பயிற்றுமொழியாகவே நிலைத்தது! குடியுரிமைச் சட்டமும் அடக்குமுறையும் உடன்சேர, ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் நேபாள முகாம்களில் அகதிகளாயினர்.

பின்னர் 1999இல் தொலைக்காட்சியை அவ்வரசே தொடங்கிற்று. 2007க்குப் பின் அகதிகளுள் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய மேனாடுகளிலேயே குடியேறினர். அஞ்சியது உள்ளே வந்தது; உடன் வாழ்ந்தோர் வெளியேறினர்.

மரபு என்பதனாலேயே ஒன்றைக் கொள்ளற்க, அது தீங்கு பயக்குமோ என ஆராய்க என்று காலாமர்க்கு அறிவுறுத்தினார் புத்தர் பெருமான். மேனாட்டதாயினும் முன்னோரதாயினும், எதனையும் நாம் இவ்வளவுகோலாலேயே அளத்தல் வேண்டும். அயலாரைத் துன்புறுத்திக் காக்கப்படுவது பண்பாடு ஆகாது.