தாய்வழித் தீர்ப்பு

மனிதரில் மகவின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் குரோமோசோம், வண்ணத்துப்பூச்சியிலோ தாயினுடையது. ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. இவற்றின் தொல்மூதாதையரில் பெண்ணுக்கு ஓர் இசட் மட்டுமே இருந்தது. டபிள்யூ பின்னர்த் தோன்றியது என்பர் ஆய்வாளர்.

இம்மாற்றம் இன்றும் தொடர்கிறது. நம்மூர் எருக்கஞ்செடிகளை நாடிவரும் வெந்தய வரியன், ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறது. கென்யாவின் நைரோபிப் பகுதியில், இறக்கை நிறத்துக்குரிய மரபணுக்களைக் கொண்ட குரோமோசோம் ஒன்று அதன் டபிள்யூவுடன் இணைந்துவிட்டது. அப்பெண்பூச்சிகளின் உடலில் வாழும் ஸ்பைரோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா, ஆண்மகவுகளை முட்டைப்பருவத்திலேயே அழிக்கிறது. எஞ்சும் மகள்களின்வழி இரண்டும் ஒன்றாகவே பரவுகின்றன. வேற்றிடங்களிலிருந்து வலசைவரும் ஆண்பூச்சிகளே அவ்வினத்தின் தொடர்ச்சியைக் காக்கின்றன. வலசை நின்றால் என்னவாகும்? சிந்திக்க.