பூச்சு இருக்க மின்சாரம் எதற்கு?

கேள்வி: எங்கள் தோட்டத்துச் செம்பனை வரிசைகளுக்கு ஊடே எரிவாயுக் குழாய் போகிறது. புத்ரா ஹைட்ஸ் எரிவாயுக் குழாய்த் தீக்குப் பிறகு மனம் பதைக்கிறது. கெட்டியாகப் பூச்சு பூசித்தான் புதைத்தார்களாம். பிறகு மின்சாரமும் பாய்ச்சுவது ஏன்? எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள், ஐயா?
- வாசகர், புக்கிட் ரோத்தான்

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2025 ஏப்ரல் 1-இல் புத்ரா ஹைட்ஸில் நடந்தது துருவால் அல்ல. மண் பிடிமானம் தளர்ந்து, குழாய் இறங்கி, பற்றவைத்த இணைப்பு முறிந்தது என்றே விசாரணை சொன்னது.

உங்கள் கேள்வி அதைவிடச் சுவையானது. பூச்சு இருந்தால் துரு வராது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் நெடுந்தூரக் குழாயில் துளையே இல்லாத பூச்சு கிடையாது. அந்தத் துளை சிறிதாக இருப்பதுதான் ஆபத்து. இரும்பிலிருந்து ஓர் ஆம்பியர் மின்னோட்டம் மண்ணுக்குள் வெளியேறிக்கொண்டே இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 9 கிலோ இரும்பு கரையும். பூசாத குழாயில் அது பரவலாகத் தேய்க்கும். பூசிய குழாயிலோ துளையில் குவிந்து சுவரைக் குடையும்.

ஆகவே அந்த ஓட்டத்தைத் திருப்புகிறார்கள். தள்ளிப் புதைத்த நேர்மின்வாய்களிலிருந்து, அதாவது மின்னோட்டத்தை மண்ணுக்குள் விடும் உலோகத் துண்டுகளிலிருந்து, அது குழாய்க்குள் நுழைகிறது. இதுவே எதிர்மின்வாய்க் காப்பு. நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் 1928-இல் எரிவாயுக் குழாயில் இதைச் செய்து காட்டினார். செம்பு சல்பேட் கரைசலில் செம்புத் தண்டு நிற்கும் அளவியை மண்ணில் வைத்து அளந்தால் குழாய் மைனஸ் 0.85 வோல்ட்டுக்காவது இறங்கியிருக்க வேண்டும். காற்றில்லாச் சேற்றில் கந்தகப் பாக்டீரியா இருந்தால் மைனஸ் 0.95. அதற்காக அள்ளிப் பாய்ச்சவும் கூடாது. சுமார் மைனஸ் 1.2-ஐத் தாண்டினால் ஹைட்ரஜன் கிளம்பிப் பூச்சையே உரிக்கும்.

கணக்கு இங்கேதான் தேவைப்படுகிறது. கணினியில் குழாயைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் பூச்சின் நிலையையும் மண்ணின் மின்தடையையும் கொடுத்து, எங்கே எவ்வளவு வோல்ட் நிற்கும் என்று தீர்க்கிறார்கள். உங்கள் கோல சிலாங்கூர் கடலோரக் களிமண் மின்சாரத்தை எளிதில் விடும். உள்ளே செம்மண் மேடு தடுக்கும். ஒரே அமைப்பு இரண்டுக்கும் பொருந்தாது. பூச்சும் ஆண்டுதோறும் நைவதால், சோதனைக் கம்பங்களில் மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தி அளந்து கணக்கைத் திருத்துகிறார்கள். இந்த அளவீடு இல்லாத கணினிக் கணக்கை நான் நம்பமாட்டேன்.

உங்கள் பங்கும் உண்டு. கடலோரக் களியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் தாது கிடக்கிறது. வடிகாலை ஆழமாக வெட்டினால் காற்றுப்பட்டு அது குழாயை அரிக்கும் கந்தக அமிலமாகும். மறுநடவின்போது குழாயருகே வடிகால் வெட்டுவதானால், மண்வாரி இயந்திரம் இறங்குமுன் குழாய் நிறுவனத்தாரிடம் சொல்லுங்கள். பூச்சில் கீறல் பட்டாலும் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்லாத கீறல் அவர்கள் கணக்கில் ஏறாது.