இடுப்புப் பிடிப்பும் ஆளின் நடையும்

நடவு, களையெடுப்பு, அறுப்பு, மூட்டை சுமத்தல் ஆகிய வேலைகளில் திடீரென இடுப்புப் பிடித்துக்கொள்வது குடியானவர் யாவரும் அறிந்ததே. காளை நொண்டினால் உடனே நுகத்தினின்றும் அவிழ்த்துவிடும் நிலச்சுவான்தார்கள், வேலையாட்களின் நடை மாறுவதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கவனித்தால் ஆளுக்கும் பண்ணைக்கும் நன்மையுண்டு.

நடை: சுகமாயுள்ளவர் நடக்கையில் தோளும் இடுப்பும் ஒன்றுக்கொன்று எதிராய்த் திரும்பும். பிடிப்பு ஏற்பட்டால் முதுகுத் தசைகள் விறைத்துவிடுவதால், அவ்விரண்டும் பலகைபோல் ஒருசேரத் திரும்பும். அடி குறுகும், வேகமும் குறையும்.

பாதம்: உடற்பாரம் முதலில் குதிகாலில் இறங்கி, பின் முன்பாதத்திற்குச் சென்று, பெருவிரலின் உந்துதலோடு நீங்குவது இயல்பு. ஒரு புறம் நோவுள்ளவர் அக்காலை மெல்ல ஊன்றி விரைவில் எடுத்துவிடுவதால், பாரம் மற்றக் காலில் அதிக நேரம் நிற்கும். இவர் முதுகில் மேலும் சுமை ஏற்றலாகாது.

நரம்பு: முதுகெலும்புகளின் இடையிலுள்ள வட்டு பிதுங்கிக் கால் நரம்பை அழுத்துவதும் உண்டு. அப்பொழுது சிலருக்கு முன்பாதம் தூக்கவியலாமல் விரல்கள் தரையில் தேயும்; குதிகாலால் நிற்க முடியாது. வேறு சிலருக்கு நுனிக்காலில் எழும்ப முடியாது. இவர்களைத் தாமதமின்றி வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும்.

செய்யத்தக்கவை: சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். நாட்கணக்கில் படுத்தே கிடத்தல் நன்றன்று. இயன்றவரை நடமாடுவதே நலம். ஆகவே கூலியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பாமல், மடை பார்த்தல், விதை பொறுக்குதல் போன்ற இலேசான வேலை கொடுக்கலாம். குனிதலும் சுமத்தலும் கூடா. வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல் சிபாரிசு செய்தது. எனவே 75 கிலோ நெல் மூட்டையைத் தனியாளின் தலையில் ஏற்றாமல், சிறு மூட்டைகளாய்க் கட்டுவதே முறை.

அபாயக் குறிகள்: மலஜலம் அடக்கவோ கழிக்கவோ இயலாமை, தொடையிடுக்கு மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல், நோவுடன் காய்ச்சல், மரத்தினின்று விழுந்தபின் உண்டான நோவு ஆகிய இவற்றில் ஏதேனும் காணப்படின், தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் அவசியம். மலஜலமும் கால்பலமும் கெட்டபின் தாமதித்தால் அவை திரும்பாமலே போகக்கூடும். கிராம அதிகாரிகள் இக்குறிகளை நடவு தொடங்குமுன் ஆண், பெண் வேலையாட்கள் யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.