பழைய மைக் வாங்கும் முன்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கம் ஆயுத பூஜைக்கும் கோயில் விழாவுக்கும் மைக் செட் போடுபவரா? பழைய சாமான் தேடிச் சென்னை ரிட்சி தெருவுக்குப் போகிறீர்கள் என்றால், சமையலறைத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 மைக்குக்குப் போலிகள் ஏராளம். அசலின் எடை 298 கிராம். கையில் லேசாகத் தெரிந்தாலே சந்தேகப்படுங்கள். வலைமூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். மூடி நசுங்கியிருந்தால் பாதகமில்லை, தனியாகவே கிடைக்கும்; பேரம் பேசவும் உதவும். காப்ஸ்யூல் போயிருந்தால் வாங்கவே வேண்டாம். கேபிளைச் செருகி லேசாக ஆட்டுங்கள். கரகரத்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு, பிறகு மைக்கைக் குறை சொல்லுங்கள். கண்டென்சர் மைக் பெரும்பாலும் மிக்சரிலிருந்து 48 வோல்ட் வந்தால்தான் பேசும். கார்ட்லெஸ் செட்டில் பேட்டரி அறையின் பச்சைக் களிம்பைக் கவனியுங்கள்.